புதுப் பேரேடு எழுதப் போற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, இப்படி உக்காரு. அந்த லேப்டாப்ப மூடு. மூடுனா அதுக்குள்ள இருக்குறது ஓடிப்போயிராது. ஓடுறதா இருந்தா நீ முழிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கும்போதே ஓடிரும்.

ராத்திரி பூரா மாடியில நின்னு போன்ல கத்துனியே, அம்புட்டும் கேட்டுச்சு. தாத்தனுக்குக் காது மந்தம்னு வீட்டுல ஒரு பேச்சு இருக்கு. அது நானே கெளப்பி விட்டது, வேண்டாத சோலி வரும்போது ஒதவும். நீ பேசுனதுல எனக்கு வெளங்குனது இதுதான்: சென்னையில ஒரு பார்ட்டிக்கு ஒங்க கம்பெனி வெப்சைட்டு கட்டிக் குடுத்துருக்கு. ஜனங்க அதுல மாசச் சந்தா, வருஷச் சந்தா கட்டுறாய்ங்க. பணம் வாங்குற வேலைய நீங்க எழுதல. ஸ்டிரைப்புங்கிற பேமென்ட் கம்பெனி வழியாப் பணம் வாங்க, லாராவெல் கேஷியர்னு யாரோ எழுதி வச்ச லைப்ரரிய எடுத்துச் சேத்துக்கிட்டீங்க. சேத்ததோட சரி, வருஷக்கணக்கா அத எட்டிப் பாக்கல. இப்ப பழைய வெர்ஷன்ல இருந்து ஒரே தாவா 15க்குத் தாவணுமாம். டேபிள்ல கெடக்குற பழைய வரியெல்லாம் புது வடிவத்துக்கு மாறணுமாம். "ஒரு மைக்ரேஷன் ஃபைல்தான் சார், ரெண்டு நிமிஷ வேல"ன்னு மேனேஜர்கிட்ட சொன்ன பாரு, அந்த எடத்துல எனக்குத் தூக்கம் போயிருச்சு.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. நான் தலையாரி. ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் வரப்பு வரப்பா நடந்தவன். ஆனா ஒரு பதிவேட்டுல இருக்குறத இன்னொரு பதிவேட்டுக்கு மாத்துனா என்ன ஆகும்னு பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். நீ படிச்ச காலேஜுல அந்தப் பாடம் கெடையாது.

1979ல சர்க்கார் யு.டி.ஆர்.னு ஒரு திட்டம் கொண்டாந்துச்சு. நில உடைமைப் பதிவ மேம்படுத்துறதுன்னு பேரு. செத்துப் போனவன் பேர்ல இருக்குற பட்டாவ உசுரோட இருக்குறவன் பேருக்கு மாத்துறது, கூட்டுப் பட்டாவப் பிரிக்கிறது, ஏக்கர் செண்ட ஹெக்டேர் ஏர்ஸா ஆக்குறது, எல்லாத்தையும் புதுசா எழுதி முடிக்கிறது. நல்ல நோக்கந்தான். ஒன் மைக்ரேஷனும் நல்ல நோக்கந்தான், நான் இல்லைங்கல. 1987 வரைக்கும் அது ஓடுச்சு.

அது பாதியில நிக்கும்போது 1980 நவம்பர் 14 வந்துச்சு. எம்.ஜி.ஆர். சர்க்கார் ஒரே அவசரச் சட்டத்துல முன்சீப்பு, கர்ணம் வேலையெல்லாம் ஒழிச்சுப்புடுச்சு. பரம்பரையா கணக்கு எழுதுன ஆளு மறுநாள் காலையில வீட்டுத் திண்ணையில சும்மா உக்காந்துட்டாரு. சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய்ப் பாத்தாய்ங்க, 1982ல அங்கயும் சட்டம் செல்லும்னு சொல்லிருச்சு. ஒழிச்சது சரியா தப்பான்னு நான் பஞ்சாயத்து பண்ண வரல. அந்தப் பரம்பரை அதிகாரத்துல ஊரு பட்ட பாடும் எனக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது வேற. பதிவேட்டுல எழுதாத சங்கதி அம்புட்டும் அந்த ஆளு மண்டைக்குள்ளதான் இருந்துச்சு. இந்த வரியில அண்ணன் பேரு இருக்கு, ஆனா உழுகுறது தம்பி. இந்த எண்ணுல முக்கா ஏக்கர்னு இருக்கு, அதுல பாதி ஓடை. கணக்குப் புஸ்தகம் கைமாறுச்சு, அந்த மண்டை கைமாறல.

சரி, ஒங்க கோட மொதல்ல எழுதுனவன் எங்கடா? நோட்டீஸ் பீரியடு முடிச்சுப் பெங்களூருக்கு ரயிலேறிட்டானா? போன் நம்பராச்சும் இருக்கா? இருந்தா இன்னைக்கே கூப்புடு. "தம்பி, டேபிள்ல இந்தக் காலம் ஏன் காலியா இருக்கு, அந்த மூணு பேருக்கு மட்டும் ஏன் கைல தேதி போட்டிருக்க"ன்னு பதவிசாக் கேளு. அவன் சொல்ற பதில் எந்த அப்கிரேடு கைடுலயும் இருக்காது.

இன்னொண்ணு கேளு. யு.டி.ஆர். முடியாம இருக்கும்போதே 1985 செப்டம்பர் 15ல மதுரையப் பிரிச்சுத் திண்டுக்கல்லத் தனி மாவட்டமாக்குனாய்ங்க. மேசை இங்கிட்டு, கோப்பு அங்கிட்டு. அப்புறம் இந்த மாவட்டத்துக்கு வச்ச பேரு இருக்கே! திண்டுக்கல் அண்ணா, காயிதே மில்லத், மன்னர் திருமலைன்னு வரிசையா வச்சுப் பாத்துட்டு, கடைசியில திண்டுக்கல்லுன்னே விட்டுட்டாய்ங்க. ஒவ்வொரு பேருக்கும் போர்டு மாறுச்சு, ரப்பர் ஸ்டாம்பு மாறுச்சு. சிறுமலை மட்டும் இருந்த எடத்துலயே இருந்துச்சு.

அதனாலதான் ஒன் கேஷியர் கத கேட்டப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. 2021ல வந்த 13ல ஸ்டிரைப் பிளான்னு இருந்த காலத்துக்கு ஸ்டிரைப் பிரைஸுன்னு பேரு வச்சாய்ங்களாம். கார்டு பிராண்டுங்கிறது பி.எம். டைப்பு ஆச்சாம். 2023ல வந்த 15ல சந்தாவோட நேம்ங்கிறது டைப்பு ஆச்சாம். பேர மாத்துறதுக்குப் பேரு மேஜர் வெர்ஷன்! இருக்கட்டும். கார்டு இல்லாத பேமென்ட்டும் வந்துருச்சு, அதுக்குத் தக்கன பேரு வைக்கிறாய்ங்க, நியாயந்தான். ஆனா நீ ஒண்ணு யோசி. சர்வர் ரெண்டு ஓடுதுன்ன. ஒண்ணுல புதுக் கோடு ஏறிருச்சு, இன்னொண்ணு இன்னும் பழசு. நீ காலத்தோட பேர மாத்துன அந்த நிமிஷம், பழசு போயிப் பழைய பேரத் தேடும். இல்லைன்னதும் விழுந்துரும். அந்த நேரம் பாத்து ஸ்டிரைப்புல இருந்து "இன்னாரு பணம் கட்டிட்டாரு"ன்னு வெப்ஹூக் வரும். வாங்க ஆளில்ல. அது ஒன்ன விட ரோஷக்காரப் பய. மூணு நாள் வரைக்கும் விட்டு விட்டுக் கதவத் தட்டும். அதுக்குள்ள நீ பதறிப்போய் அந்த வரியக் கையால எழுதியிருப்ப. அதுவும் திரும்ப வந்து எழுதும். ஒரே பணத்துக்கு ரெண்டு வரி.

அதனால பேர மாத்தாத. புதுக் காலத்தப் பக்கத்துல சேரு, பழசத் தொடாத. இனிமே வர்றத ரெண்டுலயும் எழுத வையி. பழைய வரியள ஐநூறு ஐநூறா எடுத்து நிரப்பு. நிரம்புனதும் படிக்கிறதப் புதுசுக்கு மாத்து. பழசுல எழுதுறத அப்புறம் நிறுத்து. நாலு நாள் கூட ஆகும், ஆகட்டும். அதே வெப்ஹூக் ரெண்டாந்தரம் வந்தா "பாத்தாச்சு போ"ன்னு சொல்ற மாதிரி அதோட ஈவென்ட் எண்ணக் குறிச்சு வையி. வரிசையா வரும்னும் நம்பாத. பின்னால நடந்தது முன்னால வந்து நிக்கும். ஒன் ஸ்கிரிப்டும் அப்படித்தான் இருக்கணும்: பாதியில கரண்டு போயி மறுபடி ஓட்டுனா, விட்ட எடத்துல இருந்து போகணும். மொதல்ல இருந்து எல்லாருக்கும் இன்னொரு வரி எழுதப்பிடாது.

இப்ப முக்கியமானதுக்கு வாரேன். அந்த மிக்சர் தட்ட இங்கிட்டு தள்ளு.

யு.டி.ஆர்.ல தப்பு எங்க நடந்துச்சு தெரியுமா? எழுத்துப் பிழையா இருந்தா ஊரு சிரிச்சுட்டுத் திருத்திக்கிரும். காலி எடத்த நிரப்புனதுலதான் குடி கெட்டுச்சு. நிலத்துக்காரன் வெளியூருல இருப்பான், கூப்புட்டு விசாரிக்க நேரமில்ல, மேலதிகாரி "முடிச்சியா முடிச்சியா"ன்னு கேக்குறாரு. காலியா விட்டா கேள்வி வரும். ஏதோ ஒண்ணு எழுதிட்டா வராது. பக்கத்துப் பங்காளி பேர எழுதினவனும் உண்டு, பட்டா நிலத்தப் புறம்போக்குன்னு எழுதினவனும் உண்டு. காலி எடம் இருந்தா எவனாச்சும் ஒரு நாள் கேப்பான். நிரம்பி இருந்தா அது உண்மைன்னு ஊரே நம்பிரும். பின்னால அந்தப் பதிவக் கம்ப்யூட்டர்ல ஏத்துனாய்ங்க, தமிழ்நிலம்னு. எந்த மைக்ரேஷன்லயும் ஒரு எழுத்துக் கொறயாமப் போய்ச் சேர்றது பிழை ஒண்ணுதான்டா. அதுவும் பத்திரமா ஏறிருச்சு. இன்னைக்கும் யு.டி.ஆர். தவறுன்னு மனுவத் தூக்கிக்கிட்டு டி.ஆர்.ஓ. ஆபீசு வாசல்ல நிக்கிறவன் யாரு? அப்ப பொறக்காத பிள்ளைக.

ஒன் கேஷியர்ல அப்படி ஒரு காலி எடம் இருக்கு. 2019ல வந்த 10ல ஸ்டிரைப் ஸ்டேட்டஸுன்னு ஒரு காலம் சேத்தாய்ங்களே, அது. சந்தா உசுரோட இருக்கா, நிலுவையில நிக்குதா, பேங்குல சம்மதம் கேட்டுக் காத்துக் கெடக்கான்னு சொல்றது. ஐரோப்பாவுல பணம் கட்டும்போது கூடுதலா ஒரு தடவ சம்மதம் வாங்கணும்னு சட்டம் வந்ததுல அது தேவப்பட்டுச்சு. பழைய வரிக்கு அதுல என்ன எழுதுவ? நேத்து போன்ல சொன்ன, நான் கேட்டேன்: "எல்லாத்துக்கும் ஆக்டிவ்னு டீஃபால்ட் போட்டுரலாம்."

போடு ராசா, போடு! பணம் கட்டாம ஓடுனவனுக்கும் ஆக்டிவ். சந்தாவே வேணாம்னு மூணு மெயில் போட்டவனுக்கும் ஆக்டிவ். முக்காவாசி சரியாத்தான் இருக்கும், அதுலதான் வில்லங்கம். யாரும் பாக்க மாட்டாய்ங்க. நாலு மாசங்கழிச்சு ஒரு ரிப்போர்ட்டுல சந்தாதாரர் எண்ணிக்கை வருமானத்த விட வீங்கி நிக்கும்போது, "இது எப்பத்துலருந்து?"ன்னு கேப்பாரு ஒன் மேனேஜர். அப்ப நீ பெங்களூருல இருப்ப.

அந்த ஸ்டேட்டஸ் காலத்துல நெசத்த எழுதணும்னா நெசம் தெரிஞ்சவன்கிட்ட கேக்கணும். இங்க அது ஸ்டிரைப்பு. ஒவ்வொரு சந்தா எண்ணையும் அனுப்பி நெலமையக் கேட்டு வாங்கி எழுது. லைப்ரரிக்காரனே அதுக்கு வழி வச்சிருக்கான்னு நீதான சொன்ன. ஒரே நேரத்துல ஆயிரத்தக் கேட்டா அவன் மூஞ்சியில அடிப்பான், பொறுமையாக் கேளு. பதில் வராத வரிய, இங்க இருந்து அங்க இல்லாத வரிய, தனித் தாள்ல எழுதி வையி. அத மனுஷன் பாக்கட்டும். தாள்ல நாப்பது பேரு இருந்தா நாப்பது போன். ஒன் மேனேஜருக்கும் ஒரு சோலி வேணாமா?

ஆளக் கண்டுபிடிக்கிறதும் அப்படித்தான். நம்ம பக்கம் கொலசாமி பேர வச்சே ஒரு தெருவுல நாலு கருப்பையா. அதுல ரெண்டு பேருக்கு அப்பன் பேரும் ஒண்ணு. பேர வச்சுப் பட்டா எழுதி அடிதடியில முடிஞ்சிருக்கு. நீ ஈமெயில வச்சு ஆள ஒட்டப் போறேன்ன. புருஷன் பொஞ்சாதி ஒரே ஈமெயில் வச்சிருப்பாக. ஒருத்தன் பெரிய எழுத்துல ஒண்ணு, சின்ன எழுத்துல ஒண்ணுன்னு ரெண்டு கணக்கு வச்சிருப்பான். ஸ்டிரைப்புல உள்ள வாடிக்கையாளர் எண்ண வச்சு ஒட்டு. எண்ணு ரெண்டு எடத்துல இருந்தா, ஒண்ண அழிக்கிறதுக்கு முன்னால எதுல பணம் வந்திருக்குன்னு பாரு.

பணம்னதும் ஞாபகம் வருது. 1957 ஏப்ரல் 1. நான் டவுசர் போட்ட பய. அன்னைக்குத்தான் அணா போயி நயா பைசா வந்துச்சு. அதே வருஷந்தான் நம்மூர்ல தலப்பாக்கட்டுப் பிரியாணிக் கடையும் ஆரம்பிச்சதுன்னு சொல்லுவாக. எனக்கு அப்ப ரெண்டும் எட்டாது. ரூவாய்க்கு 16 அணா, இனிமே 100 பைசா. ஒரு அணாவுக்கு ஆறே கால். கால் பைசாவ எங்க வெட்டுறது? அதனால ஒரு அட்டவணை போட்டாய்ங்க: ஒரு அணா 6, ரெண்டு அணா 12, மூணு அணா 19, நாலு அணா 25. வெவரமான பய என்ன பண்ணுவான்? ஓரணா மிட்டாய் மூண ஒண்ணா வாங்குனா 19. ஒண்ணொண்ணா மூணு தரம் வாங்குனா 18. அந்த ஒத்தப் பைசா எங்க போச்சுன்னு நான் இப்ப சொல்ல மாட்டேன், கடைக்காரர் பேரன் இன்னும் அந்தத் தெருவுலதான் இருக்கான்.

ஒனக்கும் அதே கணக்குத்தான். 18 சதவீதம் ஜி.எஸ்.டி.ய வரிக்கு வரி முழுசாக்குனா ஒரு தொகை, கூட்டி முழுசாக்குனா வேற தொகை. பழைய டேபிள்ல ரூவாயா புள்ளி வச்சு எழுதியிருக்கா, பைசாவா எழுதியிருக்கான்னு மொதல்ல பாரு. ஸ்டிரைப்பும் சரி, ரேசர்பேயும் சரி, 500 ரூவாய 50000னு பைசாவுலதான் கேக்கும். எல்லாத்தையும் நூறால பெருக்குன்னு எழுதிட்டு நீ படுத்துருவ. ஜப்பான் யென்னுக்குச் சில்லறையே கெடையாது, அங்க நூறால பெருக்குனா ஆளு போலீசுக்குப் போவான். குவைத்துல தினாருக்கு 1000 ஃபில்ஸு, அங்க நூறால பெருக்குனா ஒங்க கம்பெனி போலீசுக்குப் போகும். தேதியையும் இதே கண்ணோட பாரு. யு.டி.சி. நேரத்துக்கும் நமக்கும் அஞ்சரை மணி நேரம், மாசக் கடைசியில ஒரு நாள் நழுவும்.

எல்லாம் எழுதி முடிச்சா ஜமாபந்தி வையி. தாலுகாவுல வருஷா வருஷம் ஊரக் கூட்டிக் கணக்க ஒட்டிப் பாப்பாகள்ல, அது. பழைய டேபிள்ல எத்தன வரி, புதுசுல எத்தன வரி. மொத்தத் தொகை எம்புட்டு. நெலமை வாரியா எத்தன பேரு. மாசவாரியா எம்புட்டு வசூல். கடைசியில ஸ்டிரைப்பு என்ன சொல்லுது. மொத்தம் மட்டும் ஒட்டுனாப் பத்தாது. ஒருத்தனுக்குக் கூடி இன்னொருத்தனுக்குக் கொறஞ்சா மொத்தம் ஜம்முனு ஒட்டும்.

இதெல்லாம் ஒன் லேப்டாப்புல ஒத்திகை பாக்கணும்ன. பாரு. ஆனா நெசமான டேட்டாவக் காப்பி எடுத்து, அதுல டெஸ்ட் சாவியப் போட்டா ஒரு வாடிக்கையாளனும் அங்க இருக்க மாட்டான். லைவ் சாவியப் போட்டியோ, ராத்திரி ரெண்டு மணிக்கு ஊருல உள்ளவன் கார்டுல எல்லாம் பணம் கழியும். மெயிலும் போகும், "நன்றி, மீண்டும் வருக"ன்னு.

சின்ன ஆளுதான் இப்படி மாட்டுவான்னு நெனைக்காத. இங்கிலாந்துல டி.எஸ்.பி.னு ஒரு பேங்கு. 2018 ஏப்ரல்ல, லாயிட்ஸோட பழைய கம்ப்யூட்டர்ல இருந்து அப்ப தாய்க் கம்பெனியா இருந்த சபடெலோட புது ஏற்பாட்டுக்கு 52 லட்சம் வாடிக்கையாளர ஒரு சனி ஞாயிறுல மாத்துனாய்ங்க. வரி அம்புட்டும் ஒழுங்காப் போய்ச் சேந்துச்சு. ஜனம் உள்ள நொழைஞ்சதும் புது ஏற்பாடு தாங்கல. ரெண்டு டேட்டா சென்டர் இருக்க, கூட்டத்தத் தாங்குமான்னு ஒண்ணுலதான் சோதிச்சுப் பாத்திருக்காய்ங்க. 2022 டிசம்பர்ல அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. மறு வருஷம் கம்ப்யூட்டர் அதிகாரிக்குத் தனியா 81,620 பவுண்டு. ஒன் மேனேஜருக்கு இந்தக் கதைய இன்னைக்கே சொல்லு, அந்த நாப்பது போனையும் அவரே பண்ணுவாரு.

ஒண்ணு விட்டுப்போச்சு. ஸ்டிரைப்ப விட்டுட்டு வேற கேட்வேக்குப் போறது பத்தியும் பேச்சு அடிபட்டுச்சே? கார்டு டோக்கனையும் சேத்து எடுத்துட்டுப் போயிரலாம்னு எவனோ சொன்னான். நாகல் நகர்ப் பட்டறைப் பூட்டுச் சாவி மாதிரிடா அது. 2019ல புவிசார் குறியீடு வாங்குன திண்டுக்கல் பூட்டு. அந்தச் சாவி அந்தப் பூட்டத்தான் தொறக்கும், அடுத்த பூட்டுல விட்டா ஒடிஞ்சு நிக்கும். ஒரு கேட்வே குடுத்த டோக்கன் இன்னொண்ணுக்கு வெறும் எழுத்து. ரிசர்வ் பேங்கும் சும்மா இருக்கா? 2021 அக்டோபர் 1ல இருந்து, தானாப் பணம் எடுக்குறதுன்னா 24 மணி நேரம் முன்னால கார்டுக்காரனுக்குச் சொல்லணும், 5000 ரூவாய்க்கு மேலன்னா ஒவ்வொரு தடவையும் சம்மதம் வாங்கணும்னு ஆச்சு. 2022 ஜூன்ல அந்த வரம்ப 15,000 ஆக்குனாக. ஒன் டேபிள்ல நீ அழகா "தானியங்கி"ன்னு எழுதி வச்சாலும், பேங்குப் பக்கம் அந்த ஒப்புதல் பதிவாகலைன்னா ஒத்தப் பைசா வராது. வாடிக்கையாளனக் கூப்புட்டுப் புதுசாத்தான் சம்மதம் வாங்கணும். அவன் ரெண்டு வருஷமா மறந்துபோயிக் கட்டிக்கிட்டு இருந்தவனா இருப்பான். கேட்டதும் ஞாபகம் வந்து நிறுத்திருவான், அதுக்கும் ஆபீசுல சொல்லி வையி.

கடைசியா, பழைய டேபிள எப்ப அழிக்கலாம்னு கேட்டியே. அதுல முழுக் கார்டு நம்பர் எங்கயாச்சும் ஒளிஞ்சு கெடந்தா இன்னைக்கே அழி. 2022 அக்டோபர் 1க்கு மேல அத வச்சிருக்க ஒனக்கு உரிமையில்ல. கடைசி நாலு எண்ணும் கார்டு குடுத்த பேங்கு பேரும் போதும். மத்தது இருக்கட்டும். மாசச் சந்தாக்காரன் அடுத்த மாசமே வந்து தப்பச் சொல்லிருவான். வருஷச் சந்தாக்காரன், நீ மைக்ரேஷன் ஓட்டுறதுக்கு மொத நாள் கட்டினவன், அடுத்த வருஷந்தான் திரும்ப வருவான். அவன் கார்டுல சரியான தொகை, ஒரே ஒரு தடவ கழிஞ்சுதான்னு பாத்து, அதுக்கு மேல ஒரு மாசம் சண்டைக்கு எவனும் வரலைன்னா அப்ப அழி. அதுக்கு முன்னால டிராப் டேபிள்னு டைப் அடிச்சேன்னு வையி, ஒன் வெளிநாட்டு வேல கனவ பத்தி நீ என்கிட்ட சொன்ன ரகசியம் அம்புட்டும் ஒங்க அப்பத்தா காதுக்குப் போயிரும். அவளுக்கு நெசமாவே காது நல்லாக் கேக்கும்.